பதினொன்று இருபதுக்கு நீண்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் வலது கை ஒரு காரியம் செய்தது. இடது கையும் அதற்கு உடந்தை.

மொத்தம் பதினோரு வினாடி. அதற்குள் என் மகளின் இரண்டு வருடப் படிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பதுக்கே போய் நிற்கிற ஆள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அப்படிப்பட்டவனை ஒரு பரீட்சைக்குக் காவல் போட்டது யார் தப்பு?

முதலிலிருந்து சொல்கிறேன்.

மகள் சுகந்தி, அரியலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். மாப்பிள்ளைக்கு சிமென்ட் ஆலையில் வேலை. அங்கேயே குடித்தனம். மேலே படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் வேலையை விட்டுவிட்டுக் காலேஜில் போய் உட்கார முடியுமா? ஆசிரியர்களுக்கென்றே ஆன்லைனில் ஒரு முதுகலைப் பட்டம் வந்திருப்பதாக இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னாள். நடத்துவது ஒரு பல்கலைக்கழகம் அல்ல... மூன்று.

"ஒரே சர்டிபிகேட்ல மூணு முத்திரைப்பா" என்றாள்.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் மூன்று பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு உண்டு. தண்ணீர் பாய்ச்ச மூன்று பேரும் முறை தவறாமல் வருவார்கள். தூர் வாருகிற அன்றைக்கு மட்டும் மூன்று பேருக்கும் வெளியூரில் வேலை இருக்கும். மூன்று பல்கலைக்கழகம் சேர்ந்து ஒரு பட்டம் என்றால்?

என் சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு சங்கு.

அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் பிள்ளைகள் கல்லாகிப் போன சங்கும் சிப்பியும் பொறுக்கி வருவார்கள். ஒரு காலத்தில் அது கடலாக இருந்த பூமி. சுகந்தி அதை வைத்து ஒரு பாடம் தயாரித்து ஆன்லைன் வகுப்பில் காட்டியிருக்கிறாள். அதே வகுப்பில் படிக்கிற இன்னொரு டீச்சர் மீனவ கிராமத்துக்காரர். அவர் பள்ளிப் பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கிய புதுச் சங்கைத் தபாலில் அனுப்பினார்கள். இவள் பிள்ளைகள் கல் சங்கை அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு மேஜையில் இரண்டு சங்கும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு பெண் கேட்டாளாம்: "மிஸ், இதுல எது அக்கா, எது தங்கச்சி?"

அதைப் போனில் சொல்லிவிட்டு சுகந்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... நானும் கட்சி மாறிவிட்டேன்.

கடைசிப் பேப்பர் போன ஞாயிற்றுக்கிழமை. மதிப்பீடு பற்றிய பாடம். பிள்ளைகளை எப்படி நியாயமாகச் சோதிப்பது, எப்படி ஓரவஞ்சனை இல்லாமல் மார்க் போடுவது என்பது பற்றி. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதலாம். ஆனால் கேமரா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அறையில் வேறு ஆள் கூடாது. சத்தம் கூடாது. முகத்தைத் திருப்பக் கூடாது.

அரியலூரில் அவள் வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி ஓயவே ஓயாது. சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அதனால் பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நம்ம வூட்டுலயே எழுதுறேம்ப்பா. இங்கதான் தொந்தரவே இருக்காது."

தொந்தரவே இருக்காதாம்!

காலையில் லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்கக் கேமராவுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். மேஜைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், கூரையில்... சுவரில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்று விதி. அங்கேதான் செட்டிகுளம் முருகன் காலண்டர் தொங்கியது. கையில் கரும்போடு நிற்பார். கீழே தேதி, நல்ல நேரம், ராசிபலன். எல்லாம் எழுத்துதானே? கழற்றச் சொன்னாள்.

"ராசிபலன்ல பதில் இருக்குன்னு நெனச்சுக்குச்சா அது?" என்றாள் என் மனைவி செல்வி.

முருகன் சமையலறைக்குப் போனார். செல்வி குக்கரே வைக்கவில்லை. மைக் கட்டிக்கொண்டு வருகிற சின்ன வெங்காய வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துவதற்கு அவள் கேட்டில் நின்றாள். என் வேலை, அறைக்கு வெளியே நாற்காலி போட்டு யாரையும் உள்ளே விடாமல் இருப்பது.

"ஏங்க, ஈ எறும்புகூட உள்ள போவக் கூடாது. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஈ போகவில்லை. எறும்பு போகவில்லை.

பதினொன்று பதினைந்துக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க சட்டைப் பையில் கர்ச்சீப் தேடினேன். விரலில் காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. திருநீறு! முந்தின நாள் செட்டிகுளம் மலையேறி இவளுக்காகவே வாங்கி வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து வேலைக்கான தேர்வு வரை, என் கையால் திருநீறு வைக்காமல் சுகந்தி ஒரு பரீட்சை எழுதியதில்லை. காலண்டரைக் கழற்றுகிற களேபரத்தில் மறந்தே போயிருக்கிறேன்.

பரீட்சை முடிய இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. கேமரா இருப்பது தெரியாதா? தெரியும். அது முகத்தைத்தானே பார்க்கிறது, கீழே குனிந்து போனால் தெரியாது என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, மேஜைக்குக் கீழாக நகர்ந்து போனேன். வலது கையை மட்டும் மேலே நீட்டி நெற்றியில் பூசினேன். கண்ணில் விழுந்துவிடக் கூடாதே — இடது கையைப் புருவத்துக்குக் கீழே குடை மாதிரி பிடித்துக்கொண்டேன். அப்படியே எழும்பி "ஃபூ" என்று ஊதியும் விட்டேன்.

அவள் தடுத்திருக்கலாமே என்கிறீர்களா? எங்கே தடுப்பது... திருநீற்றுக் கை வந்ததும் அவள் தலை தானாகக் குனிந்தது. கண் தானாக மூடியது. பழக்கம்.

அவள் கண் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பு. அறையில் இரண்டாவது நபர். தேர்வு நிறுத்தப்படுகிறது. இன்னும் நான்கு பெரிய கேள்விகள் பாக்கி.

கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. கீபோர்டில் சிந்திய திருநீற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, "அப்பா, கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றாள். அவ்வளவுதான்.

செல்வி ஓடி வந்தாள். "வெங்காய வண்டிக்காரன்கூட நான் சொன்னதும் மைக்க நிறுத்திட்டான். வேத்து மனுசன், புரிஞ்சுக்கிட்டான். நீங்க பெத்தவருதான?"



சாயங்காலம் மெயில் வந்தது. 'முறைகேடு' என்ற வார்த்தை அதில் இருந்தது. சுகந்தி அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேப்பர் போனால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். ஒரு டீச்சரின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை விழுந்தால்?

திங்கட்கிழமை நான் போனும் கையுமாக இருந்தேன். முதல் பல்கலைக்கழகத்தில், "எங்க பொறுப்பு அட்மிஷன் மட்டுங்க. பரீட்சை அவங்க" என்றார்கள். பரீட்சைக்காரர்கள், "அந்தப் பாடத்தை நடத்துனவங்கதான் முடிவு சொல்லணும் சார்" என்றார்கள். பாடத்துக்காரர்கள் ரொம்ப மரியாதையாக, "எங்க கேண்டிடேட் லிஸ்டே அட்மிஷன் பண்ணவங்ககிட்டதாங்க இருக்கு" என்றார்கள். எனக்கு எங்கள் பங்காளிக் கிணறு கண்ணுக்குள் வந்து நின்றது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமையே ஒரு மெயில் வந்தது. புதன் மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் விசாரணை. மூன்று பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒவ்வொருவர். அப்பாவும் இருக்க வேண்டும்.

ஐந்து மணி விசாரணைக்கு நான் எத்தனை மணிக்கு அரியலூரில் இருந்தேன் என்று கேட்காதீர்கள். அவள் பள்ளி விட்டு வரும்போது வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். கையில் நான்கு பக்க விளக்கக் கடிதம். அதைத்தான் முந்தின நாளே அந்த மூன்று பேருக்கும் அனுப்பியிருந்தேன்.

திரையில் மூன்று பெட்டி. நரைத்த தலையோடு ஒரு பெரியவர். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஓர் அம்மா. இளம் பேராசிரியர் ஒருவர்.

"சார், உங்க நாலு பக்கத்தையும் படிச்சோம்" என்றார் பெரியவர். "மொத வரியிலயே விஷயம் வந்துருச்சு. மிச்சம் எதுக்குங்க?"

பத்தி எழுதுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

இளம் பேராசிரியர்தான் கறார். "வீடியோல உங்க ரெண்டு உள்ளங்கையும் அவங்க முகத்துக்கு நேரா வருது. உள்ளங்கையில எதாவது எழுதியிருந்துச்சா?"

என் உள்ளங்கையை நானே திருப்பிப் பார்த்துக்கொண்டேன். "திருநீறு வச்சேங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு வலது கை போதுமே. இடது கை எதுக்கு?"

"கண்ணுல விழுந்துரும்லங்க."

கண்ணாடி அம்மா முன்னால் சாய்ந்தார். "எப்படின்னு செஞ்சு காட்டுங்க சார்."

மிச்சத் திருநீறு பையில்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினேன். என் மேல் அவளுக்கு மூன்று நாள் கோபம். போனில்கூடச் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் கை வந்ததும் தலை குனிந்தது. கண் மூடியது. இடது கை குடை பிடித்தது. ஊதினேன்.

வெளியே ஒரு லாரி கடகடவென்று போனது.

"வீடியோல பாத்தது அப்படியே இருக்கு" என்றார் கண்ணாடி அம்மா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

பெரியவர் கேட்டார்: "நீங்க என்னம்மா கேக்கிறீங்க? மறுபடி எழுதணுமா?"

சுகந்தி நெற்றியைத் துடைக்கவில்லை. அப்படியே பேசினாள்.

"மறுபரீட்சை குடுத்தாத்தான்னு இல்ல சார். எழுதுன வரைக்கும் திருத்துங்க. எழுதாத நாலு கேள்விக்கு மார்க் வேணாம். அந்த முறைகேடுங்கற வார்த்தைய மட்டும் எடுத்துருங்க. நேத்து ஏழாவதுக்கு டெஸ்ட் வச்சேன். ஒரு புள்ள பக்கத்துத் தாள எட்டிப் பாத்தா. 'நிமிர்ந்து உக்காரு'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார். தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னேன். நாளைக்கும் அதே கிளாஸுக்குத்தான் போவணும்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கிணற்றில் மூன்று பங்காளிகளும் ஒன்றாக இறங்கிவிட்டார்கள்! வார்த்தை நீக்கப்பட்டது. நான்கு கேள்விகளும் புதிதாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் எழுதலாம்.

கூடவே ஒரு நிபந்தனை. தேர்வு முடியும் வரை வீட்டுக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. அதை ஒருவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். யார் என்று சொல்லத் தேவையில்லை. இதுவரை நான் எழுதியதிலேயே சின்னது அதுதான். ஒரே வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

காலையில் செல்வி என் சட்டைப் பை, வேட்டி மடிப்பு எல்லாம் சோதனை போட்டாள். முருகனை மறுபடி சமையலறைக்கு அனுப்பினோம். ஒன்பதரைக்கு நாங்கள் இரண்டு பேரும் செருப்பு மாட்டும்போது சுகந்தி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"வெளிய நிக்கிறப்பவே வச்சு வுட்டுருங்க. அப்பறம் வராதீங்க."

பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது. தலையைக் குனிந்தாள். கண்ணை மூடினாள்.

வைத்தேன். குடை பிடித்தேன். ஊதினேன். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

செல்வி தெருமுனையில் வெங்காய வண்டிக்குக் காத்திருக்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார், "எந்த பஸ்ஸுங்க?" என்று.

மணி இப்போது பதினொன்று இருபது. வலது கையில் பேனா. இடது கை, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.