நாற்பது கிராம்

என் சித்தி ஒலிம்பிக்கில் பளு தூக்கியதை எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில் திரை கட்டிப் பார்த்தார்கள். அவள் பதக்கத்தோடு திரும்பி வந்தபோது, அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பத்து வயதில் அவள் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தூக்கியதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் தொலைக்காட்சியிலேயே சொன்னார். எங்கள் தெருவில் தண்டவாளம் எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள்தான். ஆனால் என்னிடம் சொல்வதற்கு இருப்பது தண்டவாளம் இல்லை, ஒரு கத்தரிக்கோல் மட்டும்தான்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சித்திக்கு இருபது வயது. அவள் அம்மாவின் கடைசித் தங்கை. கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் வந்து போவது சிரமம் என்று எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். காலையும் மாலையும் லாஸ்பேட்டையில் பயிற்சி. நாற்பத்தெட்டு கிலோ எடைப் பிரிவில் அவள் தூக்கிக்கொண்டிருந்தாள். போட்டி நாளன்று காலையில் நிறுத்துப் பார்க்கும்போது நாற்பத்தெட்டுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் மேடையில் ஏற முடியாது. அதனால் எங்கள் வீட்டில் எடை என்பது பெரிய விஷயம். ஒரு இட்லி எத்தனை கிராம், ஒரு வாய்த் தண்ணீர் எத்தனை கிராம் என்று சித்தி பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். அப்பா சில நாள் சோதித்துப் பார்த்துத் தோற்றுப்போயிருக்கிறார்.

எடையில் சேராத ஒன்று அவளுடைய பின்னல் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். இடுப்புக்குக் கீழே வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா அதற்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டுவாள். அந்த வருஷம் அம்மாவுக்கு அதில் அக்கறை கூடியிருந்தது. கடலூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் சித்தியின் போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய், பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் மூன்று முறை பேசினார். மூன்று முறையும், "சொந்த முடிதானேம்மா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பாரம் தூக்குகிற வேலையெல்லாம் வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா, "அதுக்கென்னங்க, விட்டுருவா" என்றாள். சித்தி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கை வழுக்காமல் பூசிக்கொள்ளும் சாக்பீஸ் பொடியை எடுத்துக்கொண்டு அவள் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தேர்வுப் போட்டி. அதில் ஜெயிப்பவர்கள் வடக்கே தேசியப் பயிற்சி முகாமுக்குப் போவார்கள். அங்கிருந்துதான் வெளிநாட்டுப் போட்டி, ஒலிம்பிக் எல்லாம்.

புதன்கிழமையிலிருந்து சித்தி சாப்பாட்டை நிறுத்தினாள். வியாழக்கிழமை தண்ணீரையும் நிறுத்தினாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நீதான் போலீஸ். சித்தி பொட்டுத் தண்ணி குடிக்காமப் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஏக பெருமை. அன்று சாயங்காலம் சித்தி இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பீச் ரோட்டில் ஓடினாள். சித்திரை வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது. கடற்கரைக்கு வந்த டூரிஸ்ட்டுகள் அவளைப் படம் பிடித்தார்கள். நான் பின்னாலேயே சைக்கிளில் போனேன், போலீஸ் மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் ஃபேன் போடாமல் கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. எச்சிலைத் துப்புவதற்கு ஒரு பாட்டில் வைத்திருந்தாள்; அதில் துப்பவும் ஒன்றும் வரவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தி டம்ளரையே வெகுநேரம் பார்த்தாள். வாங்கி இரண்டு மடக்கு குடித்தாள். அவள் தொண்டை அசைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "போதும், எடுத்துட்டுப் போயிரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அப்பா ஸ்கூட்டரில் எங்கள் இருவரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். எடை பார்க்க ஒரு மணி நேரம்தான் கொடுப்பார்கள். உள்ளறையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். சித்தி உள்ளே போய், துணி களைந்து எடை பார்த்து, மறுபடி உடுத்திக்கொண்டு முகம் வாடி வெளியே வந்தாள். நூற்று எண்பது கிராம் அதிகம். மறுபடி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் கயிறு தாண்டினாள். மாஸ்டர் கடிகாரத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மறுபடி உள்ளே போனாள். எண்பது. இன்னும் குதித்தாள். மூன்றாம் முறை வெளியே வந்தபோது, "நாப்பது" என்றாள். நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பு மாதிரி சுட்டது. சொட்டு வேர்வை இல்லை.

அந்த நாற்பது கிராம் எது என்று எனக்குத் தெரியும். நான் கொடுத்த இரண்டு மடக்குத் தண்ணீர்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சித்தி, நான்தான் தண்ணி குடுத்தேன்."

"நான்தானடி குடிச்சேன்" என்றாள். பிறகு, "மாஸ்டர் பையில, கைக்குச் சுத்துற டேப் பக்கத்துல, கத்தரிக்கோல் இருக்கும். ஓடிப்போய் எடுத்தா" என்றாள்.

பெண்கள் கழிப்பறையில், ரசம் போன ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்று, பின்னலை இடது கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிடரியை ஒட்டி வெட்டினாள். டேப் வெட்டுகிற மொண்ணைக் கத்தரி. கடைசி இழை அறுபடும் வரைக்கும் கண்ணாடியை விட்டு அவள் கண் நகரவே இல்லை. பின்னலை என் கையில் கொடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. உள்ளே போனாள். கதவு திறந்தபோது, "நாப்பத்தேழு புள்ளி ஒன்பது ஒண்ணு" என்று அந்த அதிகாரி சொல்வது கேட்டது. மாஸ்டர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஒரே வீச்சில் கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச்தான் முதலில். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் தடவை கம்பி அவளுக்குப் பின்னால் விழுந்தது. இரண்டாவது தடவை முன்னால் விழுந்தது. மூன்றாவது தடவை அவள் மேடைக்கு நடந்து போகையில், கோணல்மாணலாக வெட்டுப்பட்ட முடிக்குக் கீழே அவளுடைய பிடரியைப் பார்த்தேன். அதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை. வெயில் படாமல் வெளுத்து, சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. நான் பின்னலை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கம்பி விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் கம்பியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, கால் நடுங்க, எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் எதுவும் தவறவில்லை. அன்று அவள்தான் முதல்.

வீட்டில் ஜெயித்த சேதி எடுபடவில்லை. அம்மா சித்தியின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். "நாளான்னைக்கு வராங்களே, நான் அவங்களுக்கு இன்னாடி பதில் சொல்லுவேன்?"

"வேற வழி இல்லக்கா. நாப்பது கிராம் கூட இருந்துச்சு."

மாஸ்டரும் வந்து அதையே சொன்னார். எடை என்றால் எடைதான், அதற்கு மேல் யாரும் வாதாட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. முடி வளரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து தாத்தாதான் மீனோடு வந்தார். சித்தியைச் சுற்றி வந்து பார்த்து, "போட்டுல கடலுக்குப் போற பையனாட்டம் கீற" என்று சொல்லிவிட்டு மீனை அம்மாவிடம் கொடுத்தார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு கல்யாணத்தையே இரண்டு மடக்குத் தண்ணீரில் கெடுத்துவிட்டேனே. அம்மா அந்தப் பின்னலை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுப் பீரோவின் மேல் வைத்திருந்தாள். எவ்வளவு பெரிய குற்றம் செய்திருக்கிறேன் என்று சரியாகத் தெரிந்துகொள்ள, ஒரு நாள் அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்த பாய் மளிகைக்கடைக்குப் போனேன்.

"இன்னா பாப்பா இது, முடியா?" என்று பாய் பதறினார்.

"எங்க சித்தியோடது. எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மின்தராசில் வைத்தார். நூற்று முப்பது கிராம்.

நான் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சித்தி முகாமுக்குப் புறப்படப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அடுக்களையில் அவளுக்கு இட்லிப்பொடி இடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீ தப்பாக் கணக்குப் போட்டுட்ட" என்றேன். "நாப்பது கிராம்தான கூட இருந்துச்சு? முடி நூத்தி முப்பது இருக்குது. மூணுல ஒரு பங்கு வெட்டியிருந்தாப் போதும். மீதி அப்படியே இருந்திருக்கும்."

சித்தி மடித்துக்கொண்டிருந்த பனியனோடு அப்படியே நின்றுவிட்டாள். அடுக்களைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள்.

"அம்மாகிட்ட சொன்னியா இத?"

"இல்ல."

"சொல்லாத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பத்தாம் வகுப்பில் சித்தி கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள் என்று அப்பா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். இத்தனை பெரிய முகாமுக்குப் போகிறவள் இவ்வளவு சின்னக் கணக்கில் கோட்டைவிட்டது வெளியே தெரிந்தால் எவ்வளவு அவமானம்! எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. அதற்கப்புறம் வெகுகாலம், அந்த முடியைப் பற்றி வீட்டில் யார் பேச்செடுத்தாலும், சித்தியைக் காப்பாற்றுவதற்காக நான்தான் முந்திக்கொண்டு பேச்சை மாற்றினேன்.