கார்பன் கரு ஒட்டிய ஞாயிறு

ஏழாவது படிக்கும்போது, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குக் கார்பன் அணுக்கரு செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். அப்பா மரவேலை செய்பவர். மர்பி டவுனில் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட மரத்தூள் இருக்கும். அவர் பன்னிரண்டு மர உருண்டைகள் கடைந்து தந்தார். ஆறுக்குச் சிவப்பு பூசினேன், அவை புரோட்டான். ஆறு வெள்ளை, நியூட்ரான்.

அதோடு விட்டிருக்கலாம். அம்மா அத்தையை வரவழைத்தாள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை, அணுக்கரு ஆராய்ச்சியில் இருந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் அப்பா அவளோடு நான்கு வருஷமாகப் பேசவில்லை. அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தா கூப்பிடுவது? எனக்குப் பிரைஸ் வேண்டும், சண்டை வேண்டாம்.

நான் சிவப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி அடுக்கியதை அத்தை வந்ததும் கலைத்தாள். கருவுக்குள் எல்லாம் சமமாகப் பரவிக் கிடக்காதாம். இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் நாலு நாலாகச் சேர்ந்துகொள்ளுமாம். கார்பனை அப்படி மூன்று கூட்டமாகப் பார்க்கலாமாம். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுமே என்று கேட்டேன்.

“தூரத்துல இருந்தா தள்ளும்,” என்றாள் அத்தை. “ரொம்பக் கிட்ட வந்துட்டா பிடிச்சுக்கும்.”

அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

சட்டென்று ஒட்டும் பசை இருக்கிறதா என்று அம்மா அவரிடம் கேட்டாள். தீர்ந்துபோச்சு, வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றார். அது காயும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அம்மாவும் நானும் ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டோம். அடுத்ததை அத்தை ஒருத்தியால் பிடிக்க முடியவில்லை, ஒரு வெள்ளை நழுவிக்கொண்டே இருந்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நாலு உருண்டைமேல் நாலு கை. அரை மணி நேரம் அண்ணனும் தங்கையும் பசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள வரலியா?” என்றார் அப்பா.

அத்தைக்குக் கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தையும் அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிரைஸ் கிடைக்கவில்லை. புத்தகத்தில் படம் இப்படி இல்லையே என்றார் மார்க் போட வந்த டீச்சர். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, எதையோ தேடி அப்பாவின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். சட்டென்று ஒட்டும் பசை, பிரிக்காத டியூப் இரண்டு, மேலாகவே இருந்தன. ஓடிப்போய் அம்மாவிடம் புகார் சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, பெட்டியை மூடி வைக்கச் சொன்னாள்.

அப்பாவுக்கு ஞாபகமறதி ஜாஸ்தி என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.