நடுவில் இடம் இருந்தது

ஈப்போவைச் சுற்றிப் பார்க்கத் தைப்பிங் பக்கத்திலிருந்து ஆள் வருவது என்பதே வேடிக்கையான சங்கதி. அவர்கள் ஊரில் ஏரித்தோட்டம் இருக்கிறது, மிருகக்காட்சிசாலை இருக்கிறது, மழைக்கும் குறைவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் நாங்கள்தான் அங்கே போவோம். அப்படியிருக்க, தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் ஞாயிற்றுக்கிழமை நம் ஊரைப் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வயது ஒன்பது. படகில் ஏறலாமா என்று மட்டும் கேட்டேன்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர். அந்த ஞாயிற்றுக்கு முன்னால் இரண்டு வீட்டார் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், அத்தையை மேலும் கீழும் பார்த்தார்கள், ராத்திரி ஷிப்டெல்லாம் உண்டா என்று கேட்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு வீட்டார் சொல்லியே அனுப்பவில்லை. இன்னொரு வீட்டார், பெண் வேலையை விட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். அத்தை வேலையை விடுவதாக இல்லை. இனிமேல் சோபாவில் பொம்மை மாதிரி உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. வீட்டில் கேசரி கிண்டுவது நின்றுபோனது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும்.

எனவே அம்மா "பெண் பார்க்க" என்பதை "ஊர் பார்க்க" என்று மாற்றிவிட்டாள். கெட்டிக்காரி. பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போனால் கேவலம் ஈப்போவுக்குத்தானே, எங்கள் வீட்டுக்கு இல்லையே.

அத்தைக்குத் தெரியாமலா இருக்கும்? சனிக்கிழமை சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். நாளை முழுக்க நான் அவளை விட்டு நகரக்கூடாது. நின்றால் பக்கத்தில் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் ஒட்டி உட்கார வேண்டும். யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. அப்படி இருந்தால் கடைசியில் ஏரியில் அன்னப் படகு. நான் சம்மதித்தேன். இப்போது ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதைவிடத் தெளிவான ஒப்பந்தத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

மறுநாள் அப்பா ஓட்டும் பள்ளி வேனில் எல்லோரும் கிளம்பினோம். கமுந்திங் அம்மாவுக்குக் கனத்த சரீரம், முழங்கால் வலி. மகன் ஒல்லி, சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். அவரை அங்கிள் என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. முதலில் குகைக்கோயில். படி ஏற முடியாது என்று அந்த அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பழைய டவுனில் சுவரெல்லாம் படம் வரைந்திருக்கும் சந்துகள். தைப்பிங்கிலும் இப்போது வரைகிறார்களாம். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்தோம். கடலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துக் கடையில் இன்னும் மொறுமொறுவென்று இருக்கும் என்றார் அந்த அம்மா. எங்கள் அம்மா முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் அத்தையின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கடமையைச் செய்துகொண்டிருந்தேன். படம் எடுக்கும்போதுகூட அத்தைக்கும் அங்கிளுக்கும் நடுவில் நான்தான் நின்றேன்.

அங்கிருந்து வெந்நீர் ஊற்றுக்குப் போவதாகத் திட்டம். அத்தை திடீரென்று, "அண்ணே, வேன ஜெலாப்பாங் பக்கம் விடுங்க. நான் வேலை செய்ற எடத்தையும் பாத்துட்டுப் போவட்டும்" என்றாள். அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேன் ஜெலாப்பாங்குக்குத் திரும்பியது.

பார்க்க அங்கே என்ன இருக்கிறது? நீல நிற வாசற்கதவு, காவலர் கூண்டு, வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், புகைபோக்கி. பின்னால் பாதி வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல் மலை. ரப்பர் வேகும் வாடை வேனுக்குள் வந்தது. எனக்கு அந்த வாடை பிடிக்கும், அத்தை வேலை முடிந்து வரும்போது அவள் மேல் அடிக்கும்.

"இங்கயா ராத்திரியெல்லாம் வேலை?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க. இன்னிக்கும் போவணும்" என்றாள் அத்தை. இதோ, இதற்காகத்தானே கூட்டி வந்தேன், கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

 அங்கிள் சன்னலில் தலையை நீட்டி வாசலை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "ராத்திரி ஷிப்டுக்கு உங்க கேன்டீன்ல நாசி லெமாக் மிஞ்சுமா?" என்று கேட்டார்.

"மிஞ்சாது. ஆறிப்போன மீ கோரெங்தான்."

"எங்க எடத்துலயும் அதே கததான்லா."

அத்தை சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்குப் பசித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏரி. ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டை ஒன்றைச் சுத்தம் செய்து, பூச்செடி வைத்து, வெள்ளை அன்னங்கள் மாதிரி மிதி படகுகள் விட்டிருந்தார்கள். இறங்கியதும் அம்மா, தம்புனுக்குப் போய்ப் பொமிலோப் பழம் வாங்கி வரலாம் என்று கமுந்திங் அம்மாவைக் கிளப்பினாள். என்னையும் கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். ஐஸ் கச்சாங் வாங்கித் தருவதாகச் சொன்னாள், கண்ணைக் காட்டினாள், கடைசியில் தொடையைக் கிள்ளினாள். நான் அசையவில்லை. அப்பா வேனை ஓட்ட, அவர்கள் மூவரும் போனார்கள்.

ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் நான். அங்கிள் என் தலைக்கு மேலே பேசினார்.

"ஜெலாப்பாங்ல மெக்கானிக் வேலை கெடைக்குங்களா?"

"எதுக்கு? கமுந்திங்ல நல்ல வேலைதானே?"

"நல்ல வேலைதான். ஆனா நீங்க இங்கதானே இருக்கீங்க."

அத்தை கச்சாங் பூத்தே பொட்டலத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு, "உங்கம்மா ஒத்துக்குவாங்களா?" என்றாள்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணுக்கு முன்னால் அத்தனை அன்னம் மிதக்க, இந்த மனிதர் வேலை தேடிக்கொண்டிருக்கிறாரே என்று. அத்தை எழுந்து போய் டிக்கெட் வாங்கினாள். அப்பாடா என்று நானும் செருப்பை மாட்டினேன். அவள் என் தோளைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்து, "நீ இங்கயே இரு. தோ வந்துர்றோம்" என்றாள்.

டிக்கெட் கொடுக்கும் சீன ஆன்ட்டியிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரும் படகில் ஏறினார்கள். ஆன்ட்டி எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அதை வாயில் போட்டுக்கொண்டு அழுதேன். படகு நேராகப் போகவில்லை, ஒரே இடத்தில் சுற்றியது. ஒருவர் மிதித்தால் இன்னொருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் என் அளவுக்குச் சரியாக இடம் இருந்தது. கரையிலிருந்தே தெரிந்தது.

வேன் திரும்பி வந்தபோது மூவரும் பழையபடி பெஞ்சில் இருந்தோம். நடுவில் நான், கோபத்தில் வாயைத் திறக்காமல். கமுந்திங் அம்மா கிளம்பும்போது, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அப்பா முகம் தொங்கிப்போனதை நானே கவனித்தேன்.

வீட்டில் யாரும் அத்தையிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவள் அறைக்குள் சீருடை தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார். தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினால் எவன் வருவான் என்று அம்மா அடுப்பிடம் முணுமுணுத்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அடுப்படியில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். நாள் முழுக்க நகராமல் இருந்தேன், நீ கிள்ளியும் போகவில்லை, ஆனால் அத்தை என்னைப் படகில் ஏற்றவில்லை, கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள், நடுவில் இடம் இருந்தது.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"ஒன்ன விட்டுட்டு யார ஏத்துனா?"

"அந்த அங்கிளத்தான்."

கூடத்தில் அப்பா எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள், பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அத்தைக்கு ஒரு திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மேல் அலமாரியிலிருந்து ரவை டப்பாவை எடுத்துக்கொண்டே அம்மா சொன்னாள், "இனிமே அங்கிள்னு கூப்புடாத. மாமான்னு சொல்லிப் பழகு."

என் இடத்தில் ஏறி உட்கார்ந்தவரை எதற்காக மாமா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.