யாருக்கும் இடையூறு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

படியிறங்கி வாசல் கதவைத் திறந்தால் எதிரே ஒரு டயர் நிற்கிறது. என் இடுப்புக்கு மேல் வரும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரியின் டயர் அது. அதற்கு முன்னால் இன்னொரு டிரெய்லர், பின்னால் இன்னொன்று. எண்ணூர் நெடுஞ்சாலையின் வளைவு வரை மூக்கும் வாலும் ஒட்டி நிற்கும் வரிசை. வந்த புதிதில் இதைப் படமெடுத்து பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். விபத்தா என்று கேட்டார். இல்லை, இது எங்கள் தெரு என்று பதில் எழுதினேன்.

வரிசையை விட எனக்கு விசித்திரமாகப் பட்டது, கீழ்வீட்டு ரோசி அக்கா அதை நடத்தும் விதம். துவைத்த தலையணை உறைகளை எடுத்து வந்து, நிற்கும் டிரெய்லரின் ஓரக் கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டுவார். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். வரிசை நகர்ந்தால் அவரும் கூடவே நடப்பார், பேச்சை நிறுத்தாமல், ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றிக்கொண்டே. ஓட்டுநர்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் துணியையும் கொடுக்கச் சொல்லிப் பல முறை கேட்டார். நான் மொட்டை மாடியிலேயே காயப்போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் அடுத்தவர் வண்டியில் துணி காயப்போட்டால் அது காவல் நிலையம் வரை போகும்.

நான் மலேசியாவிலிருந்து வந்தவள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்தின் சங்கொலி கேட்கும் ஒரு தாமானில் வளர்ந்தேன். தாமான் என்றால் அங்கே குடியிருப்பு. கிரேன்களையும் நுழைவாயில்களையும் கணினியில் இயக்கும் வேலை படித்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே ஒரு சரக்கு முனையத்துக்கு வந்தேன். பராமரிப்பு அட்டவணை போடுவது என் பொறுப்பு. எந்தக் கருவியை எந்த நாளில், எந்த நேரத்தில் நிறுத்தினால் யாருக்கும் இடையூறு வராது என்று கண்டுபிடித்து எழுதுவேன். எனக்குப் பிடித்த வேலை.

மொழி ஒன்றுதானே, என்ன கஷ்டம் என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் ரோசி அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர் வழக்கப்படி "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். அது எங்களுக்குக் காலை வணக்கம். மூன்றாவது நாள் என் அறை வாசலில் ஆறு இட்லியும் ஒரு கிண்ணம் வடகறியும் இருந்தன. பாவம், பொண்ணு பசியோடு கேட்டுக்கொண்டே இருக்கிறது, நமக்குப் புரியவில்லை என்று தெருவில் சொல்லி வருத்தப்பட்டாராம். நான் விளக்கினேன். இட்லி நிற்கவில்லை.

இந்தக் கடிதம் போன்ற கட்டுரை எங்கள் தெருவின் கலை வாரத்தைப் பற்றியது. ஊரில் இருப்பவர்களுக்காகவும், என்னைப் போல் வேறு துறைமுகங்களில் ஒதுங்கியவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வரும். அறுபது நாளுக்கு மேல் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஆண்கள் எல்லோரும் கரையில் இருக்கும் ஒரே காலம். அதன் கடைசி வாரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய கடலோரக் கற்களுக்கு முன்னால் இருக்கும் திடலில் தெருவே கூடிக் கொண்டாடும். கேரம் போட்டி, பறை, தேவாலய பேண்டு, வண்ணாரப்பேட்டையிலிருந்து தஃப் அடிக்கும் குழு, குத்துச்சண்டை, பெண்களின் நண்டு சமையல், கடைசி நாள் கானா. கேரம் கிளப்பின் செயலாளர் டில்லி அண்ணன்தான் எல்லாம். நான் லிஸ்ட் போடுகிறவள் என்று கேள்விப்பட்டு நிகழ்ச்சி நிரலை என்னிடம் கொடுத்தார்.

எங்கள் தாமானில் இப்படி விழா என்றால் முதலில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் துடைப்பத்தோடு வந்து சுத்தம் செய்வது. பிறகு அனுமதிக் கடிதம். பிறகு நிமிடக் கணக்கில் நிரல். ஏழரை என்றால் ஏழரை. பதினைந்து வயதிலேயே அந்த நிரலைத் தட்டச்சு செய்தவள் நான். அதே சிரத்தையோடு இங்கேயும் செய்தேன். நாற்பத்தொரு பெயர்கள், அகர வரிசையில்.

டில்லி அண்ணன் நோட்டீஸை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஏம்மா, இது இன்னா ரேஷன் கடை லிஸ்ட்டா? பந்தல் குட்த வெங்கடேசன் கடைசீல கீறாரு. பந்தல்ல டீ ஊத்தறவன் மொதல்ல கீறான்."

டீ ஊற்றுகிறவர் பெயர் அன்பு. அவர் அந்த நோட்டீஸைச் சட்டகம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். இன்னும் இருக்கிறது.

அந்த நாற்பத்தொன்றில் ஒரு பெயரை யாரும் கொடுக்காமல் நானே சேர்த்திருந்தேன். ரோசி அக்கா. மதிய நேரத்தில் இறால் உரித்துக்கொண்டே அவர் பாடுவது என் ஜன்னலுக்குக் கேட்கும். கானாதான். அந்தக் குரலில் ஒரு கரகரப்பு உண்டு, பெரிய கப்பலை இழுக்கும் கயிறு முறுக்கேறும்போது வருமே, அது போல. சேர்த்த பிறகுதான் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இருவது வருசமா சாவூட்ல குந்தி கேட்டுக் கேட்டு கத்துக்கினேன். நான் பாடுவேன்னு அந்தாளுக்கே தெரியாது. அவரு கரையில இருந்தா நான் மார்க்கெட்ல. நான் வூட்ல இருந்தா அவரு கடல்ல. ஒரு தபா அவரு காதுல வுழணும், அவ்ளோதான்."

அந்தாள் என்றது அவர் கணவர் சேவியர் அண்ணனை. படகில் எஞ்சின் பார்ப்பவர். அதிகம் பேசாதவர். வீட்டிலேயே பாடிக் காட்டலாமே என்று கேட்டேன். வீட்டில் வாயைத் திறந்தாலே அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், மைக்கில் பாடினால்தான் பாட்டு என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது. செவ்வாய் மாலை ஐந்தரைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினேன்.

செவ்வாயன்று கேரம் இறுதிப் போட்டி ஒரே ஒரு சிவப்புக் காய்க்காக முக்கால் மணி நேரம் இழுத்தது. வியாழனுக்கு மாற்றினோம். வியாழனன்று தஃப் குழுவை மக்கள் இறங்கவே விடவில்லை. நானும்தான் கைதட்டினேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை வெங்கடேசன் பேசினார். முதல் பெயராக அச்சடிக்காத குறையை அன்று மேடையில் தீர்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் டில்லி அண்ணன், நாளைக்கு ஃபஸ்ட்டு நீதான்க்கா என்பார். ரோசி அக்கா ஒவ்வொரு நாளும் அந்த ஊதா நிறச் சேலையை மடித்து வைப்பார். மீதி இருந்தது ஞாயிறு மட்டும். அன்றோடு தடை முடிகிறது. சேவியர் அண்ணன் கடலுக்குக் கிளம்புகிறார்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, மாடியில் காயப்போட எடுத்த ஈரத் தலையணை உறையோடு, கீழே சத்தம் கேட்டு இறங்கினேன். கதவைத் திறந்தால் டயர். ஞாயிற்றுக்கிழமையில் வரிசை நிற்பதில்லையே என்று வெளியே எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை டிரெய்லர்கள். தெரு இந்தப் பக்கம், மேடை அந்தப் பக்கம். இடையில், மற்ற நாட்களில் விட்டுவைக்கும் ஒரு ஆள் நுழையும் சந்துகூட இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த முனையத்தில் கதவை மூடிவிட்டார்கள் என்று ஒருவர் கத்திக் கேட்டார். என் முனையத்தின் பெயரை இன்னொருவர் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நுழைவாயிலின் கணினியைப் புதியதற்கு மாற்றும் வேலையை ஒரு மாதத்துக்கு முன்பே நான்தான் ஞாயிறு மதியத்துக்குக் குறித்திருந்தேன். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தேன்: யாருக்கும் இடையூறு இல்லாத நேரம். பட்டர்வொர்த்தில் ஞாயிறு மதியம் துறைமுகச் சாலையில் பூனைதான் படுத்திருக்கும். இரண்டு அட்டவணைகளும் என் மடிக்கணினியில் பக்கத்துப் பக்கத்துக் கோப்புகளாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்று வேலை, மற்றது வீடு என்று வைத்திருந்தேன்.

ரோசி அக்கா ஊதாச் சேலையில் படியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கதவை மூடியது நான்தான் என்றேன். அவர் என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அடிப்பாவி மலேசியா, இத்தினி வருசமா எவன்டா இந்த வண்டிங்கள நிறுத்துறதுன்னு பேஜாரா இருந்துச்சு. நம்ம மாடியிலயே குந்திக்கினு கீறியா நீ?"

எழுந்தார். என் கையிலிருந்த ஈரத் தலையணை உறையைக் கேட்காமலே வாங்கி, எதிரே நின்ற டிரெய்லரில் கிளிப் போட்டு மாட்டினார். மாட்டிய கையால் தளத்தைத் தட்டிப் பார்த்தார். காலி வண்டி, தட்டையான நாற்பது அடித் தளம். இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

ஓட்டுநர் நாமக்கல்காரர். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ஏனுங்க, ரெண்டு மணி நேரமா சும்மாதானுங்க நிக்கிறேன். ஏறிப் பாடச் சொல்லுங்க" என்றார். நான் மூன்று நிபந்தனைகள் போட்டேன். நகரும் முன் இரண்டு முறை ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் கேட்டால் மேலே இருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட வேண்டும். நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சரி மேடம் என்று தன் நுழைவுச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டின் முன்பக்கத்தைப் படித்தேன், பழக்கதோஷம். அவர் எடுத்து வரப்போகும் கன்டெய்னர் பெட்டி பினாங்கிலிருந்து வந்தது; பெயர்தான் பினாங்கு, கப்பலில் ஏற்றுவது பட்டர்வொர்த்தில்.

தேவாலயத்துச் சக்கர ஸ்பீக்கரை நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். டில்லி அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு டிரெய்லர்களின் இணைப்புக்கு அடியில் குனிந்து வந்து சேர்ந்தார், வெள்ளை வேட்டியில் கிரீஸோடு. ஒரு பறை, ஒரு தஃப். ரோசி அக்கா மைக்கைப் பிடித்ததும் முன்னும் பின்னும் வண்டிகளிலிருந்து ஓட்டுநர்கள் தலையை நீட்டினார்கள். முதல் பாட்டு ஐஸ் உடைக்கிறவர்களைப் பற்றியது. குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது அடியில் நடுக்கம் போய்விட்டது.

பாட்டு நடுவில் இரண்டு ஹாரன். அவர் மைக்கோடு சட்டென்று குந்தினார். வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றது. முனையத்தின் கதவு திறந்துவிட்டது, வண்டிகளை மெதுவாகத்தான் உள்ளே விடுகிறோம் என்று எனக்குக் கைபேசியில் செய்தி வந்தது. மேடை நகர்ந்ததால் கேட்பவர்களும் நகர்ந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு வாசல். திடலுக்கு வராதவர்கள் எல்லாம் அவரவர் படியில் உட்கார்ந்தபடி கேட்டார்கள். எங்கள் நிரல்கள் எதிலும் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

நாலாவது நகர்வில் வண்டி, சேவியர் அண்ணன் தன் படகு நண்பர்களோடு நின்றிருந்த டீக்கடை முன் நின்றது. தோளில் பை. கிளம்பிவிட்டிருந்தார். மேலே பார்த்தார். ரோசி அக்காவும் பார்த்தார். பறைக்காரரைக் கையால் நிறுத்திவிட்டு, வெறும் குரலில் எடுத்தார்.

"அறுபது நாளா வூட்டாண்ட நங்கூரம் போட்ட ராசா,
ஆயிரந்தான் சொன்னேன் நீ காதுல வாங்கல லேசா."

டீக்கடை சிரித்தது. அன்பு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். சேவியர் அண்ணனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை இறக்கி வைத்தார். டிரெய்லர் அருகில் வந்து, அதன் இரும்பு விளிம்பில் விரல் மடக்கித் தாளம் தட்டினார். எஞ்சின் ஆளின் கை, துல்லியமாக விழுந்தது. பாட்டு முடியும் வரை தட்டினார். முடிந்ததும் தலையை உயர்த்தாமல் சொன்னார்.

"வாங்கிட்டேன். இன்னோரு தபா பாடு."

இரண்டாவது முறை பாடும்போது ரோசி அக்கா பல்லவியை மறந்தார். டீக்கடை முழுவதும் எடுத்துக் கொடுத்தது.

வளைவுக்கு முன்னால் எல்லோரையும் இறக்கினோம். அதற்கு அப்பால் பாஸ் உள்ளவர்கள்தான் போகலாம். என் கழுத்தில் பாஸ் இருந்தது. அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அறிக்கையில் இடையூறு என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்து, இருந்தது என்று மட்டும் எழுதினேன்.

திரும்பி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. திடலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டில்லி அண்ணன் அடுத்த வருட நிரலுக்கு இப்போதே ஒரு பெயர் வந்திருப்பதாகச் சொன்னார், முதலில் போடச் சொல்லி. ரோசி அக்காவைக் கை காட்டினார். அப்போது துறைமுகத்திலிருந்து வெளியே வரும் தடத்தில் இரண்டு ஹாரன் கேட்டது. நாமக்கல்காரர். எங்கள் மேடையின் மேல் இப்போது ஒரு நீலப் பெட்டி நின்றது. நெரிசலில் வண்டி எங்கள் எதிரிலேயே மெதுவானது. ஓரக் கயிற்றில், பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் போய் வந்த என் தலையணை உறை ஆடிக்கொண்டிருந்தது.

"உங்க ஊர்ப் பொட்டியா இது?" என்று ரோசி அக்கா கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இந்தப் பெட்டிகளை ஏற்றும் கிரேன்கள் தெரியும். அங்கே பார்த்துக்கொண்டே வளர்ந்ததை இங்கே அண்ணாந்து பார்த்தேன். மேலே இருப்பது எங்கள் ஊர். கீழே அதைத் தாங்கிக்கொண்டிருப்பது எங்கள் தெரு. வண்டி நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றிக்கொண்டே. உறை நன்றாகக் காய்ந்திருந்தது.