அண்ணிக்கு ஆகாத சொல்

வீட்டில் எங்களுக்கு ஒரே அடுப்பு. அணுமின் நிலையத்தில் நானும் அண்ணியும் எதிரெதிர் கட்சி. நான் கொள்முதல் பிரிவு. பம்பு, வால்வு, போல்ட், ரப்பர் வளையம் என்று எது கேட்டாலும் காலாகாலத்தில் வாங்கி உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. அண்ணி தர உறுதிப் பிரிவு. நான் கொண்டுவருவதை வாசலிலேயே நிறுத்திவைப்பது அவர் வேலை. இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நிறுத்துவதில்லை, பார்க்கிறேன் என்பார். அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், என் சரக்கு நின்றுகொண்டே இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் என் அண்ணன். அதே நிலையத்தில் பராமரிப்பு ஃபிட்டர். நான் வாங்கி, அண்ணி பார்த்து அனுப்பியதைக் கடைசியில் கையில் எடுத்துப் பொருத்துகிறவர் அவர்தான். மனைவி பக்கமும் பேசாமல், தங்கை பக்கமும் பேசாமல், தட்டைக் கழுவி வைத்துவிட்டு நழுவிவிடக் கற்றவர். சாப்பாட்டு நேரத்தில் வேலைப் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டதும் அவரே.

அண்ணி கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அடுப்படிக்குள் நுழைந்தார். அடுப்பைப் பற்றவைப்பார் என்று பார்த்தால், குனிந்து கேஸ் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தார். சிலிண்டரை மூடினார். புது டியூப் வந்த பிறகு சமைக்கலாம் என்றார். எங்கள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்போதுதான் மாற்றியது, நல்லாத்தான் இருக்கும் என்று இழுத்தார். அதற்கு அண்ணி தணிந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருக்கா, இருக்குமா அத்தை?"

டியூபின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. அம்மா அதைப் பல வருஷம் புகாராகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அண்ணிக்கு ஆகாத சொல் இந்த 'இருக்கும்'தான். 'இருக்கு' என்றால் யாரோ பார்த்திருக்கிறார்கள், 'இருக்கும்' என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்பது அவர் கணக்கு. நம் வாயில் நாள் முழுக்க இந்தச் சொல் சர்வசாதாரணமாக வந்து விழும். கதவு பூட்டியிருக்கும், பஸ் வந்திருக்கும், பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். அண்ணி எதிரில் இருந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'இருக்கா மேடம்'. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

உலோகவியல் படித்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டோர்ஸில் போட்டார்கள். வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து நட்டு போல்ட்டைச் சரிபார்க்கும் வேலை. அதுவும் வேண்டிய வேலைதான். ஆனால் அண்ணிக்கு ஒரு பொருள் உருவாகும்போதே பார்க்க வேண்டும். முட்டி மோதி, வெளியே பட்டறைகளுக்குப் போய் ஆய்வு செய்யும் பொறுப்பை வாங்கினார். வெல்டிங் போட்ட இடத்தைப் பார்த்தாலே, போட்டவர் நிதானமாகப் போட்டாரா, சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது என்று அவசரமாகப் போட்டாரா என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு அதையும் நம்பமாட்டார், சோதித்துத்தான் எழுதுவார். அதுதான் எனக்கு எரிச்சலும் ஆச்சரியமும்.

இப்போது அந்த வால்வுக்கு வருகிறேன்.

வருஷாந்தரப் பராமரிப்புக்காக உலையை நிறுத்தியிருந்தார்கள். குளிர்நீர்க் குழாயில் ஒரு பெரிய வால்வை மாற்ற வேண்டும். அது வந்து பொருந்தினால்தான் உலையைத் திரும்ப ஓட்ட முடியும். நான்தான் ஆர்டர் கொடுத்திருந்தேன், ஒரு சின்னப் பட்டறைக்கு. எங்கள் நிலையத்திலிருந்து அவர்களுக்குப் போன முதல் ஆர்டர். இதை ஒழுங்காகச் செய்தால் மேற்கொண்டு வேலை வரும், சொதப்பினால் அதோடு கதை முடிந்தது என்று பட்டறைக்காரருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட வேலையில் சில கட்டங்களில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் ஆய்வாளர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வேலை. இந்த வால்வில் அந்தக் கட்டம் வெல்டிங் முடிந்த பிறகு, பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு. நானும் அண்ணியும் காரில் போய் இறங்கினோம்.

சம்பந்தி வீட்டார் வருகிற மாதிரி பட்டறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஸ்டாண்டின் மேல் வால்வு. பளபளவென்று நீலப் பெயிண்ட்.

"மேடம் வர்றீங்கன்னு நேத்தே பெயிண்ட் அடிச்சு ரெடி பண்ணிட்டோம்" என்றார் பட்டறைக்காரர், முகமெல்லாம் சிரிப்பாக.

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷனுக்கு வஞ்சகமே இல்லை. யாருக்காகக் காத்து நிற்க வேண்டுமோ, அவரையே சந்தோஷப்படுத்த முந்திக்கொண்டு ஓடியிருக்கிறார். அண்ணி வால்வை ஒரு சுற்று சுற்றிவந்தார். வெல்டிங்கைச் சோதித்தீர்களா என்று கேட்டார். பட்டறைக்காரர், விரிசல் இருக்கிறதா என்று எங்கள் ஆள் சாயம் போட்டுப் பார்த்தார் மேடம், நல்லாத்தான் இருக்கும் என்றார். போச்சு, அந்தச் சொல்லையும் சொல்லித் தொலைத்தார்.

அண்ணி கோபப்படவில்லை. அவரை உட்காரவைத்து, தான் எதிரில் நின்றபடியே விளக்கினார். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் வெல்டில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று தனக்குத் தெரியாது, தெரியாததில் கையெழுத்துப் போட முடியாது. பெயிண்டை எடுக்க வேண்டும். அதையும் இரும்பு பிரஷ் வைத்தோ மணல் அடித்தோ எடுக்கக் கூடாது. தேய்த்தால் விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், அப்புறம் சோதனையில் சிக்காது. கரைக்கும் திரவத்தைப் பூசி, ஊறவிட்டு, துணியால் மெதுவாகத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். பட்டறைக்காரரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் அண்ணியை வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். அவர்கள் சோதித்ததற்கு அவர்களிடமே பதிவு இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டு இந்த ஒரு தடவை ஆய்விலிருந்து விலக்கு கொடுக்கச் சொல்லி நிலையத்தில் கேட்கலாம், ஒரு சின்னப் பட்டறையின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்றேன். விலக்கு கேட்பது உன் உரிமை, தாராளமாகக் கேள், என் கையெழுத்து அதில் இருக்காது என்றார். நானும் விடவில்லை. பராமரிப்பு மேலாளருக்கே போன் போட்டேன். அவர் என்னிடம் கத்திவிட்டு, போனை அண்ணியிடம் கொடுக்கச் சொன்னார். பேசி முடித்தபோது அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. ஒன்று கையெழுத்துப் போடு, இல்லையென்றால் உன்னைத் திரும்ப ஸ்டோர்ஸுக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிடுவேன் என்றாராம். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அவர் எழுதினால் நடக்கும்.

சாயங்காலம் லாட்ஜ் அறையில் அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதாவது இறங்கி வாருங்கள் அண்ணி, யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு பயமாத்தான் இருக்கு" என்றார். "இந்த வேலையை எடுத்துட்டாங்கன்னா எனக்கு வேற ஒண்ணும் பிடிக்காதும்மா. திரும்பப் பெட்டி பிரிச்சுக்கிட்டு உக்காந்தா நான் செத்துப்போயிடுவேன்."

"அப்ப போட்டுடுங்களேன். அழுத்தம் ஏத்தறப்ப அண்ணன் அந்த வால்வுகிட்ட நிக்கப்போறாருன்னுதானே பாக்கறீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கண்ணன் நிக்கலேன்னா வேற யாராவது நிப்பாங்க. அவங்க வீட்டுல யாருக்கும் என்னைத் தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட கேக்கக்கூட வரமாட்டாங்க."

விலக்கு கேட்டு எழுத எடுத்த பேனாவை மூடிவைத்தேன்.

பெயிண்டை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பட்டறைக்காரரே துடைத்தார், அவருடைய ஆட்களும் துடைத்தார்கள். அண்ணி நாற்காலியைத் தொடவில்லை, டீயும் வேண்டாமென்றார். அவர்கள் நிற்கும்வரை அவரும் நின்றார். இடையில் நிலையத்திலிருந்து எனக்கு வந்த போன்களையெல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் வெல்டு வெறும் உலோகமாகத் தெரிந்தது. அண்ணி பார்த்துக்கொண்டிருக்க, அதன்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசினார்கள். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கும். சற்று விட்டு மேலே இருந்ததைத் துடைத்தார்கள். பிறகு வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் சாயத்தை அந்தப் பொடி வெளியே இழுத்து, சிவப்புக் கோடாகக் காட்டிவிடும். எல்லோரும் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

உண்மையைச் சொல்கிறேன், விரிசல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சின்னதாக, மயிரிழை அளவு இருந்தாலும் போதும், அண்ணி பிழைத்துக்கொள்வார். எனக்கு எதிரில் நின்ற பட்டறைக்காரர், இருக்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யார் வேண்டுதல் ஜெயிக்குமோ என்று நான் அந்தப் பொடியையே பார்த்தேன்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அண்ணி லென்ஸை வைத்துச் சுற்றிலும் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், நேரம் கொடுத்து மறுபடியும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெல்டிங் போட்டவர் யார் என்று கேட்டார். பின்னால் நின்ற ஒருவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அருமையான வேலை என்றார்.

பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கும்னு நானும் அதைத்தானே மேடம் அப்பவே சொன்னேன்?"

"நீங்க சொன்னது 'இருக்கும்'. இப்ப 'இருக்கு'" என்று சொல்லி அண்ணி கையெழுத்துப் போட்டார்.

வால்வு தாமதமாக வந்தது, உலை கிளம்புவதும் தாமதமானது. நிலைய இயக்குநர் கூட்டம் போட்டார். நீள மேஜை, சுற்றிலும் உர்ரென்ற முகங்கள். பராமரிப்பு மேலாளர் எழுந்து, எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பதையெல்லாம் விலாவாரியாக எடுத்துவிட்டார். இப்படிப்பட்டவரைப் பட்டறை ஆய்வில் வைத்துக்கொண்டு நிலையத்தை ஓட்ட முடியாது, ஸ்டோர்ஸுக்கு மாற்ற வேண்டும் என்று முடித்தார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பண்ணி என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அண்ணி. "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன்."

யாரோ சிரித்தார்கள். அவர்களைப் பளாரென்று அறையலாம் போல எனக்கு இருந்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. மேலாளரைப் பார்த்து, வால்வைப் பொருத்திவிடலாமா என்று கேட்டார். தாராளமாகப் பொருத்தலாம், வெல்டு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது என்றார் மேலாளர்.

"யாரு பாத்தாங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

மேலாளர் உட்கார்ந்தார். அவரும் கெட்டவர் இல்லை. உட்கார்ந்தவர் அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இடமாற்றப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பாராட்டும் கிடையாது, நன்றியும் கிடையாது. அண்ணி மட்டும் பட்டறை ஆய்விலேயே இருந்தார்.

வால்வைப் பொருத்தி, குழாயில் நீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றிய அன்று, கசிவு பார்க்க அதன் பக்கத்தில் நின்றவர் எங்கள் அண்ணன்தான். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தார், கைகால் கழுவினார், தட்டின் முன் உட்கார்ந்தார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார். சட்டமாவது ஒன்றாவது என்று நான் கேட்டேவிட்டேன்.

"அழுத்தம் ஏறினப்ப அந்த வெல்டைப் பாத்தியா அண்ணா? பயமா இருந்துச்சா?"

அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தார்.

"வெல்டா? அட, அது நினைப்பே வரலியே. நின்னேன், அழுத்தம் ஏறுச்சு, பசிச்சுது, வந்துட்டேன்."

எனக்கு மண்டைக்குள் சூடு ஏறியது. இந்த வெல்டுக்காக ஒருத்தி வேலையையே பணயம் வைத்திருக்கிறாள், இவருக்கு நினைப்பே வரவில்லையாம். அண்ணனை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, துணைக்கு அண்ணி பக்கம் திரும்பினேன். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். லாட்ஜில் அழாதவர், கூட்டத்தில் அழாதவர், அப்போது சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பக்கவாட்டில் தெரிந்த முகத்தில், வெல்டில் ஒரு கோடும் இல்லையென்று நிமிர்ந்தபோது இருந்த அதே சந்தோஷம். நான் கேட்க நினைத்ததை விழுங்கிக்கொண்டு, அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.