எதோட வேணா கலக்கலாம்

டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கமாக மேசையில் வைத்து, அதில் ஒரே ஒரு சொட்டு விடுகிறார் உரக்கடைக்காரர். கறுப்பு நூல் பிரிந்து இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுவதும் பழுப்பு. வந்த விவசாயி வாய் பிளந்து நிற்கிறார்.

"பாத்தீங்களா, அடியில ஒரு தூசி தங்கல. இது உரம் இல்லீங்க. உரத்தை வேருக்கு ஊட்டிவிடுற கை."

உரக்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'கறுப்பு டானிக்'. ஹியூமிக் அமிலம் விற்று விற்று நகக்கண்களில் ஏறிய கறை எந்தச் சோப்புக்கும் மசிவதில்லை. வீட்டில் வெள்ளைத் துண்டின் பக்கம் கை நீண்டால் மனைவி தட்டிவிடுவார். செடிகொடிகள் மண்ணுக்குள் மட்கிக் கிடந்து உண்டான சத்து இது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். மணலில் ஊற்றினால் தண்ணீரைப் பிடித்து வைக்கும், இரும்புச்சத்தை ஓடவிடாமல் வேருக்குக் கொடுக்கும் என்பார். எல்லாம் உண்மைதான். அவர் சரக்கில் கலப்படம் கிடையாது, பேச்சில்தான் உண்டு. எந்த மருந்தோடு சேர்க்கலாம் என்று யார் கேட்டாலும், கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும்: "எதோட வேணா கலக்கலாம்!"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை பிழைத்தது. அக்கா வீட்டு வெள்ளரிதான் பிழைக்கவில்லை.

சொட்டுநீர்க் குழாயில் படிந்த உப்பைக் கரைக்க ஆசிட் விடுவது வழக்கம். அக்காவின் கணவர் தொட்டியில் ஆசிட்டை ஊற்றிவிட்டுப் போனில் கேட்டார்: "ஹியூமிக்கையும் இதோட சேத்து விட்டுறவா மாப்ள?" கடையில் கூட்டம். இவர் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காரத்தில் கரைந்திருக்கும் ஹியூமிக், ஆசிட் பட்டால் பால் திரிவதுபோலத் திரிந்துவிடும். இது கடைக்காரருக்குத் தெரியாததா? டப்பாவின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. திரிந்த கசடு போய்ச் சொட்டுவாய்களை அடைத்துக்கொண்டது. கொளுத்துகிற வெயிலில் தண்ணீர் இல்லாமல் கொடிகள் சுருண்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மச்சான் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. "நாந்தான் அளவு தப்பா ஊத்திட்டேன் மாப்ள. உன் சரக்க எப்படிக் குறை சொல்றது?" என்றார். அக்கா ஒரு படி மேலே போனாள். தம்பிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, "என் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இந்த மனுஷனுக்கு ஒழுங்கா செய்யத் தெரியலையே!" என்று கணவரைத் திட்டினாள். அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மச்சானை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. கடைக்கு அவர் வந்தால் உள்ளே போய் மூட்டைகளை இடம் மாற்றுகிறார்.

இன்று ஒளிய வழியில்லை. புதுக் குழாய் வாங்க வந்த மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பழுப்புத் தண்ணீரைப் பார்த்து மயங்கிய விவசாயி கேட்கிறார்: "ஆசிட் விடும்போது இதையும் சேத்து விடலாமா?"

இவர் வாய் திறக்கிறது. வழக்கமான பதில் வரவில்லை. பெஞ்சிலிருந்து மச்சானே எடுத்துக் கொடுக்கிறார்: "எதோட வேணா கலக்கலாங்க. அளவு மட்டும் பாத்துக்கங்க. நான் அதுலதான் கோட்டை விட்டேன்."

கடைக்காரர் முகம் சுண்டிப்போகிறது. டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஹியூமிக்கைத் தாராளமாகவே ஊற்றுகிறார். அலமாரியிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்துச் சில சொட்டுகள் விடுகிறார். தண்ணீர் திரிகிறது. பழுப்புத் துணுக்குகள் திரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் போய்ப் படிகின்றன.

"என்னங்க இது?" என்கிறார் விவசாயி.

கடைக்காரர் கறை படிந்த கையால் டம்ளரை எடுத்துப் போய், மச்சானுக்குப் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறார்.