மூணு தரம் சொல்வதற்கு முன்

முதலில் வந்தது அக்கி. இடது விலாவில் வரிசையாகக் கொப்புளங்கள், தொட்டால் நெருப்பு. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையில் இருந்த குயவரிடம் போய், ஊர் வழக்கப்படி கொப்புளங்களின் மேல் காவி எழுதிக்கொண்டேன். காய்ந்தது. மறுபடியும் வந்தது. என் கணவர் ஜேம்ஸ் காசநோயில் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. காசநோய் மட்டும்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது 2007. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. அதில் இருந்தவர்கள் யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் விளம்பரத்தை எல்லோரும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தோம். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் அந்த பெஞ்சு தெரிந்திருக்கும்.

எனக்கு எச்.ஐ.வி. (உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் கிருமி) இருந்தது. சி.டி.ஃபோர் (நோயோடு போராடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) மிகவும் இறங்கியிருந்தது. கூடவே நுரையீரலில் காசநோய். ஏழு வயது மகள் கிரேஸுக்கு எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

“மொதல்ல டி.பி.க்கு மருந்து, அப்புறம் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மாத்திரை. கொஞ்ச நாள் இங்கயே தங்கணும்மா,” என்றார் டாக்டர். “பாப்பாவ யார்கிட்ட உடுவீங்க?”

எனக்கு அப்பா அம்மா இல்லை. இருந்த ஒரே சொந்தம் ஜேம்ஸின் அக்கா மேரி அண்ணி, அடுத்த தெருவில். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே செய்தி ஊரில் இறங்கிவிட்டது. யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள், தெரியாது. அண்ணி வாசலில் நின்றபடியே, “உன்னாலதான் எந்தம்பி போனான்” என்றாள். உண்மை வேறு என்று எனக்குத் தெரியும். இறந்தவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அதன் பிறகு அவள் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் சபைப் போதகர் வந்து உருக்கமாக ஜெபித்தார். காப்பி கொடுத்தேன். “இப்பதாம்மா குடிச்சேன்” என்றார். அந்த மாதம் என் வீட்டுக்கு வந்த எல்லோருமே இப்போதுதான் குடித்திருந்தார்கள்.

எங்கள் சபைக் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். முருங்கைக்காய், முட்டை, பலாப்பழம் என்று வீட்டிலிருந்து காணிக்கையாகக் கொண்டுவந்ததை, போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கையில் தூக்கிக் காட்டி ஒரு விலை சொல்வார். “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்றதும் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள் போய்விடும். என் காணிக்கை எப்போதும் அதிரசம். முன்பெல்லாம் அதற்குப் போட்டியே நடக்கும்.

அந்த மாதமும் அதிரசம் சுட்டேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். வீம்புதான். ஆனால் வீம்புக்கு அடியில் பயம் இருந்தது. என் கை பட்டதையே தொடாதவர்கள் என் பிள்ளையை எப்படித் தொடுவார்கள்? அவளைச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் நான் சிதம்பரம் போக முடியாது. போகாவிட்டால் ஜேம்ஸ் போன வழிதான்.

உபதேசியார் தட்டைத் தூக்கினார். “அதிரசம். பத்து ரூபா.” “ஒரு தரம்.” பெண்கள் பாயில் உட்கார்ந்தபடி முந்தானையைச் சரிசெய்தார்கள். “ரெண்டு தரம்.” அவர் அதற்கு மேல் சொல்லாமல் நின்றார்.

கிரேஸ் கோயில் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். “ஏம்மா, நம்மளுத யாருமே கேக்கல?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “இருவது.”

மேரி அண்ணி. எழுந்து முன்னால் வந்து தட்டை வாங்கினாள். அங்கேயே ஒன்றைப் பிட்டு, பாதியைக் கிரேஸ் கையில் கொடுத்து, மீதியைத் தன் வாயில் போட்டு மென்றாள். என்னைப் பார்த்து, “வெல்லம் ஜாஸ்தி” என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். போதகர் அருகில் வந்து கையை நீட்டினார். “எனக்கும் ஒண்ணு குடும்மா.”

கோயிலை விட்டு வெளியே வரும்போது அண்ணி கேட்டாள். “எப்பப் போற? புள்ளய எங்கிட்ட உடு.”

போனேன். மாத்திரை முதலில் வாந்தி எடுக்க வைத்தது, கனவில் துரத்தியது, பிறகு பழகியது. சபைப் பெண்கள் சிலர் முறை வைத்துச் சிதம்பரத்துக்குச் சோறு கொண்டுவந்தார்கள். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். கைகுலுக்காமல் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு. என்னைப் பிழைக்க வைத்தது எந்தப் பிரசங்கமும் இல்லை, அந்த “இருவது”தான். ஆனால் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல கோயிலைத் தவிர எங்கள் ஊரில் வேறு இடமும் இருக்கவில்லை.

2011இல் அண்ணியின் மார்பில் கட்டி. வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்திருந்தாள். அதே ஆஸ்பத்திரியில், வேறொரு வராண்டாவில், அவளுடைய துணியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். கடைசி நாட்களில் என் கையால் கஞ்சி மட்டும் குடித்தாள். ஒருநாள், “அன்னிக்கி உன்னச் சொன்னது தப்புடி லில்லி” என்றாள். அவள் வாயைத் துடைத்துவிட்டேன். போயிருக்க வேண்டியவள் நான். போனது அண்ணி.

இந்த உடம்பை ஒரு காலத்தில் அசிங்கமாக நினைத்தேன். இப்போது அது எனக்குத் தரப்பட்ட ஒரு வேலை மாதிரி. வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சோறு. அடுத்த வருடம் என்று யாராவது பேசினால் மனம் அங்கே போக மறுக்கிறது. இந்த மாதத்து ஏலம் வரை போகும், அவ்வளவுதான்.

கிரேஸுக்குப் பன்னிரண்டு வயது. வெல்லத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் இப்போது அதிரசம் சுடுகிறேன். எந்தப் பொருளாவது கேட்பாரில்லாமல் நின்றால், தேவையோ இல்லையோ, நான் கேட்டுவிடுகிறேன். உபதேசியார் “ரெண்டு தரம்” என்று நிறுத்தும்போதெல்லாம் என் காது பின்வரிசைக்குப் போகிறது. அங்கே அந்தக் குரல் இல்லை. எனக்கோ, மூணு தரம் இன்னும் சொல்லவில்லை.